ஆரஞ்சு ஸ்லைடரும் வரன் போட்டோவும்: மும்பை ஸ்டுடியோக்கள் ஒரு மதிப்பீடு

ஜாதகத்தோடு போகும் போட்டோவை மும்பைத் தமிழர்கள் எடுக்கிற இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. தாராவி, சயான் கோலிவாடா பக்கம் ‘பத்து நிமிஷத்தில் பாஸ்போர்ட் போட்டோ’ என்று போர்டு மாட்டிய ஜெராக்ஸ் கடை ஸ்டுடியோ ஒன்று. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அப்பா காலத்திலிருந்து நடக்கும், உள்ளே தனி அறையும் பெரிய விளக்கும் உள்ள பழைய ஸ்டுடியோ இன்னொன்று. ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கோ பாண்ட்ரா கடற்கரைக்கோ கூட்டிப்போய் எடுக்கும் வெளிப்புறக் குழு மூன்றாவது. இதில் எதற்கும் போகாமல் கைபேசி ஆப்பிலேயே முடித்துக்கொள்கிறவர்களையும் சேர்த்தால் நாலு. இந்த நாலையும் ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்: மாநிறமோ கருப்போ உள்ள ஒரு முகத்தை, அது இருக்கிறபடியே, நன்றாக எடுத்துத் தருகிறார்களா?

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வரன் போட்டோவுக்குப் பழைய ஸ்டுடியோ. ஆனால் எடிட்டிங் நடக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். விசா போட்டோவுக்கு ஜெராக்ஸ் கடை போதும். ‘டச்சப் வேண்டாம்’ என்று எடுக்கும் முன்பே சொல்லவேண்டும். வெளிப்புறக் குழு மழைக்காலத்தில் தேறும், வெயிலில் ஆளைப் பொறுத்தது. ஆப் வேண்டாம். விலை கடைக்குக் கடை மாறும், பேரமும் உண்டு என்பதால் அதற்குள் போகவில்லை.

‘போட்டோவில் இன்னும் கருப்பாக விழுந்திருக்கே’ என்பதுதான் எல்லாக் கடையிலும் கேட்கும் முதல் புகார். புகார் சரிதான். காரணம் தோல் என்று நினைப்பதுதான் தப்பு.

ஜெராக்ஸ் கடையில் கேமரா ஆட்டோவில் இருக்கும், பின்னால் வெள்ளைத் திரை. கேமராவின் ஒளிமானி சட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் கலந்து நடுச்சாம்பலாக ஆக்கப் பார்க்கிற கருவி. முக்கால் சட்டத்துக்கு வெள்ளைத் திரை இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று கணக்குப் போட்டு மொத்தத்தையும் குறைத்துவிடும். திரை சாம்பலாகும், முகம் இருளும். சிவந்த தோலுக்கு இந்தக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. கருத்த தோலில் கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் இருக்கும் விவரம் முழுதாகப் போய்விடும். தீர்வு கேமராவின் ஒரு சக்கரத்தில் இருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டினால் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கடைக்காரர் அதைத் தொடமாட்டார். படம் எடுத்தபின் கம்ப்யூட்டரில் ‘பிரைட்’ செய்வார். கேமராவில் கூட்டுவதும் கம்ப்யூட்டரில் கூட்டுவதும் ஒன்றல்ல. இருளில் பதியாமல் போன விவரத்தை எட்டு பிட் ஜேபெக் கோப்பிலிருந்து தோண்டினால் வருவது புள்ளிப்புள்ளியான இரைச்சலும் சாம்பல் பூத்த தோலும்தான்.

அடுத்தது விளக்கு. கருத்த தோலின் வடிவம், கன்ன எலும்பும் மூக்கின் கோடும் தாடையும், பெரும்பாலும் அதன்மேல் விழும் பளபளப்பால்தான் படத்தில் தெரியும். வெளுத்த தோல் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். நிழலும் வெளிச்சமும் கலந்து வடிவம் சொல்லும். கருத்த தோலில் சிதறல் குறைவு, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் பங்கு கூடுதல். அதனால் விளக்கின் அளவுதான் எல்லாம். கேமரா தலையில் உள்ள சின்ன ஃபிளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் சுள்ளென்று வெள்ளைப் பொட்டுகள் விழும், மீதி முகம் தட்டையாகும். ‘எண்ணெய் வழியுது, பவுடர் போட்டுக்கோங்க’ என்பார்கள். அதே முகத்துக்குப் பக்கவாட்டில் 45 பாகையில், நாலடி தூரத்தில், 120 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி மாட்டிய விளக்கு) வைத்து எடுத்தால் அந்தப் பளபளப்பே நீளமான, மெல்லிய ஒளிப்பட்டையாகி முகத்துக்குக் களை தருகிறது. பழைய ஸ்டுடியோவுக்கு இங்கே மதிப்பெண் தருவது இதற்காகத்தான். அவர்களிடம் அந்தப் பெரிய விளக்கு இருக்கிறது, அதை எங்கே வைக்கவேண்டும் என்பது கைப்பழக்கமாக இருக்கிறது. தலைமுடிக்குப் பின்னால் இன்னொரு சின்ன விளக்கு வைப்பதையும் அவர்கள் மறப்பதில்லை. கருங்கூந்தல் கரும்பின்னணியில் கரைந்துபோகாமல் பிரித்துக் காட்டுவது அதுதான். பின்னணிக்கு நடுச்சாம்பல் அல்லது மங்கிய நீலம் கேளுங்கள். ‘ரிச்சாக இருக்கும்’ என்று அவர்கள் நீட்டும் கறுப்பு வெல்வெட் வேண்டாம்.

பவுடர் பற்றி ஒரு வார்த்தை. டால்கமும், டைட்டானியம் டைஆக்சைடு கலந்த ஃபவுண்டேஷனும் கண்ணாடியில் பார்க்கும்போது சரியாகவே இருக்கும். ஃபிளாஷ் பட்டதும் முகம் மட்டும் சாம்பல் வெள்ளையாகித் துருத்தும். வெயில் தடுக்கும் கிரீம்கள் பலவற்றிலும் இதே பொருளோ துத்தநாக ஆக்சைடோ இருக்கிறது. போட்டோ அன்று அதைப் பூசாமல், டிஷ்யூ தாளால் முகத்தை ஒற்றிக்கொண்டு உட்காருவது மேல்.

மூன்றாவது காரணம் மலிவு எல்இடி பலகை. சிவப்பு குறைவாக வரும் விளக்கின்கீழ் மாநிறம் பச்சை பாரித்துத் தெரியும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண்) 95க்கு மேல் உள்ள விளக்குதானா என்று கேட்டால் போதும். கேள்வி புரிகிற கடைக்காரரா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இது நம் ஊர்க் கடைகளின் அறியாமை மட்டுமல்ல. கலர் பிலிமின் கதையே இப்படித்தான் தொடங்கியது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம், பிலிம் கழுவி அச்சிடும் லேப்கள் தங்கள் அச்சு இயந்திரங்களைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயரால் ‘ஷெர்லி கார்டு’ என்றே தொழிலில் பெயர் நிலைத்தது. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்றவர் தோல் எப்படி வந்தாலும் அது அவரவர் தலைவிதி. வெள்ளைக் குழந்தையும் கருப்புக் குழந்தையும் ஒரே வகுப்புப் படத்தில் இருந்தால் கருப்புக் குழந்தையின் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். பெற்றோர் புகார் சொன்னார்கள், பிலிம் மாறவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் ‘எங்கள் சரக்கின் பழுப்பு வேறுபாடே விழவில்லை’ என்று சொன்னபோது மாறத் தொடங்கியது. பல நிறத்தவர் உள்ள கோடாக் அட்டை வர 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கருப்பின மக்களுக்குக் கட்டாயமாக்கிய ‘பாஸ்’ என்ற நடமாட்ட அனுமதிப் புத்தகத்துக்கு முகம் பிடித்தது போலராய்டு கேமரா. ஃபிளாஷைக் கூட்டித் தர ஒரு பொத்தானும் அதில் இருந்தது. கருத்த தோலுக்கு வெளிச்சம் கூட்டவேண்டும் என்பது தொழிலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது; கண்காணிக்க வேண்டியபோது கூட்டினார்கள்.

இன்றைக்கு மும்பைக் கடைகளில் பிரிண்ட் போடும் மினிலேப் இயந்திரத்தில் இருக்கும் ‘ஆட்டோ கலர்’ பொத்தானை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் குறையும்.

சரி, எடிட்டிங். நாலு வகைச் சேவையும் சறுக்குவது இங்கேதான். ‘லைட்டா டச்சப்’ என்ற பெயரில் என்ன நடக்கிறது என்றால், லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோ நிறம் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் பகுதியில் ஆரஞ்சு ஸ்லைடரின் ஒளிர்வை ஏற்றிவிடுவார்கள். வெள்ளைக்காரரானாலும் தமிழரானாலும் ஆப்பிரிக்கரானாலும் தோலின் சாயல் மென்பொருளுக்கு ஆரஞ்சுதான்; வேறுபாடு அடர்த்தியில். அந்த ஒரு கோலை முப்பது நாற்பது புள்ளி தள்ளினால் முகம் இரண்டு படி வெளுக்கும். மூன்று வினாடி வேலை. பலர் இதைப் பிரீசெட்டாகவே சேமித்து வைத்திருக்கிறார்கள். படம் திறந்ததும் தானே ஏறிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். தங்கத்தைப் பாருங்கள். நகையின் மஞ்சளும் பாதி ஆரஞ்சுதான் என்பதால் தோலோடு சேர்ந்து அதுவும் வெளுத்து எலுமிச்சை நிறத்துக்குப் போயிருக்கும். இருபத்திரண்டு காரட் ஆரம் கவரிங் மாதிரி தெரிந்தால் ஸ்லைடர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தேக்கு நாற்காலி பிளைவுட் நிறமாகியிருக்கும். மாம்பழ மஞ்சள் பட்டு சந்தன நிறமாகியிருக்கும். கொஞ்சம் கைதேர்ந்தவர் நகையைத் தவிர்த்து முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பார். அப்போது காது மடலையும் கழுத்தையும் கையையும் பாருங்கள். மூன்றில் ஒன்றையாவது மறந்திருப்பார். கை பழைய நிறத்தில் மடியில் கிடக்கும், முகம் வேறு யாருடையதோ போல மேலே இருக்கும். உதடு சாம்பலடித்திருந்தால் அதுவும் அடையாளம்.

நேர்மையான டச்சப் என்று ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. நேற்று வந்த பருவை எடுக்கலாம், சட்டையில் ஒட்டிய நூலை எடுக்கலாம், கலைந்த முடியிழையை எடுக்கலாம். ஒரு மாதத்தில் தானே போய்விடக்கூடியதை எடுப்பது டச்சப். போகாததை எடுப்பது ஆள் மாற்றுவது. மச்சம் போகாது. நிறமும் போகாது. கண்ணுக்குக் கீழ் உள்ள நிழலைக் கொஞ்சம் தூக்குவது இரண்டுக்கும் நடுவில். அது விளக்கு வைத்தவரின் குறையாக இருந்தால் தூக்கலாம்.

வரன் சந்தையின் சொற்களே நமக்கு வசதியாக இல்லை. தமிழில் ‘சிவப்பு’ என்றால் வெளுப்பு. மும்பை வந்ததும் இந்தியிலிருந்து ‘கோதுமை நிறம்’ என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. மாநிறம் என்ற நல்ல சொல்லைப் படிவத்தில் எழுதவே தயங்குகிறார்கள். சங்கப் பாடல்களில் மாமை என்பது பெண்ணின் மேனி அழகு; மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அந்த நிறம் கெட்டு வெளிறிப்போவதற்குப் பெயர் பசலை, பிரிவால் வரும் நோய். எடிட்டர் காசு வாங்கிக்கொண்டு பசலை ஏற்றுகிறார்.

இதில் விளம்பர உலகம் ஒரு அடி முன்னால் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு குளோ அண்ட் லவ்லி ஆனது. அதற்கு முந்தைய ஆண்டே பெட்டியிலிருந்து ‘முன்–பின்’ இரட்டை முகத்தையும் நிற அளவுகோலையும் எடுத்துவிட்டார்கள். மும்பையில் இருக்கும் இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் 2014இலேயே விதி வகுத்தது: கருத்த நிறத்தவரை அழகற்றவராகவோ சோகமாகவோ வேலை, கல்யாணம் கிடைக்காதவராகவோ காட்டக்கூடாது என்று. ஷாதி.காம் தளம் 2020 ஜூனில் தோல் நிற வடிகட்டியை நீக்கியது. ஆனால் இந்த விதிகளெல்லாம் விளம்பரத்துக்கு. தெருமுனை ஸ்டுடியோவில் ‘ஃபேர் 1, ஃபேர் 2’ என்று பெயரிட்ட பிரீசெட்டை யாரும் கேட்பதில்லை. வடிகட்டி தளத்திலிருந்து போனது, எடிட்டரின் மவுஸுக்கு வந்துவிட்டது.

கடைக்காரரைக் குறை சொல்வதும் பாதிதான் நியாயம். வெளுக்காமல் கொடுத்தால் திரும்பி வந்து சண்டை போடுகிறவர்கள் வீட்டுக்காரர்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த சினிமாவில் ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கருப்பாக இருந்தே நாயகராகலாம். நாயகி மட்டும் இதே மும்பையிலிருந்து விமானம் ஏறிப் போகவேண்டும்.

அந்தக் கணக்கு ஸ்டுடியோவில் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு சோதனை. அண்ணன் தங்கை இருவரும் ஒரே நாளில், ஒரே விளக்கில் எடுத்துக்கொண்ட படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே நிறமாக இருப்பவர்கள் படத்தில் இரண்டு நிறமாக இருப்பார்கள். ஆணுக்கு முடி எல்லையை நிரப்பி, மீசையைக் கறுப்பாக்கி விடுவார்கள். தோலில் பெரிதாகக் கைவைக்க மாட்டார்கள். பெண்ணுக்கு வெளுப்பு, தாடை ஒடுக்கம், கண் பெரிதாக்கம், மேலுதட்டு முடி, கன்னத்து மச்சம் என்று வரிசையாகப் போகும்.

நிற்க வைப்பதிலும் அப்படியே. பெண் என்றால் கேமரா கண் மட்டத்துக்குச் சற்று மேலே, தலையை ஒருபக்கம் சாய்க்கச் சொல்வார்கள், விரல் கன்னத்தை லேசாகத் தொடும், பார்வை கீழே. ஆண் என்றால் கேமரா நெஞ்சு மட்டம், கைகட்டு, நேர்ப்பார்வை. 1970களில் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை அடுக்கி வைத்து, தலைச்சாய்வும் பொருளைப் பிடிக்காமல் தொடும் விரலும் ஆணைவிடச் சிறிதாகக் காட்டும் உயரமும் பெண்ணை அடங்கியவளாகக் காட்டும் இலக்கணம் என்று விளக்கினார். மாட்டுங்கா ஸ்டுடியோ அண்ணாச்சி அவரைப் படித்ததில்லை. இலக்கணம் மட்டும் அட்சரம் பிசகாமல் வருகிறது. நிச்சயமான ஜோடி வந்து பெண் உயரமாக இருந்தால் உடனே ஒரு நாற்காலி வந்துவிடும், அவள் உட்கார. இல்லாவிட்டால் பையன் காலடியில் ஒரு மரப்பெட்டி. இதைத் தவிர்க்கத் தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம்: கேமராவைக் கண் மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஆணுக்கு எடுத்த அதே நிலைகளைப் பெண்ணுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

ஜோடியில் ஒருவர் சிவப்பு, ஒருவர் கருப்பு என்றால் ஒருவரை வெளுத்துச் சமன் செய்வதுதான் இங்கே வழக்கம். அந்த ஒருவர் அநேகமாகப் பெண். சரியான முறை வேறு. கருத்தவரை விளக்குக்குப் பக்கமாக நிறுத்தவேண்டும். தூரம் கூடக்கூட வெளிச்சம் வேகமாக விழுந்துவிடும் என்பதால் ஒன்றரை அடி வித்தியாசமே அரை ஸ்டாப்புக்கு மேல் தரும். போதாவிட்டால் சிவந்தவர் பக்கம் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து விளக்கைக் கொஞ்சம் மறைக்கலாம். வெள்ளை வேட்டியோ வெண்பட்டோ கூட இருந்தால் தோலுக்கு எக்ஸ்போஷர் வைத்து, ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் தரும் மூலப்பதிவு) எடுத்து, துணியின் வெளிச்சத்தை மட்டும் பிறகு இறக்கவேண்டும். துணிக்கு வைத்துவிட்டுத் தோலை ஏற்றக்கூடாது. மல்லிகைச் சரத்தில் இதழ் இதழாகத் தெரிகிறதா என்று பார்த்தால் எடுத்தவரின் தரம் தெரிந்துவிடும். இதழும் தெரிந்து தோலும் தெரிந்தால் அவர் விவரமானவர்.

வெளிப்புறக் குழுக்கள் இந்த விஷயத்தில் ஏமாற்றமே. இடம் தேர்வதில் இருக்கும் உற்சாகம் ஒளி பார்ப்பதில் இல்லை. ஃபைவ் கார்டன்ஸின் மரநிழல் கண்ணுக்குக் குளுமை; படத்தில் இலையில் பட்டு வரும் பச்சை மாநிறத்தின்மேல் ஏறி, நோயாளிக் களை தரும். சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து வெண்சமன் (எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கும் அமைப்பு) வைத்துக்கொண்டால் தீரும். அட்டை கொண்டுவந்தீர்களா என்று கேளுங்கள். பாண்ட்ரா பாண்ட்ஸ்டாண்டில் பாறை கருங்கல், கீழிருந்து வெளிச்சமே திரும்பாது. உச்சி வெயிலில் கண் குழி இரண்டும் கறுத்துவிடும். ஜுஹூவில் ஈர மணல் கீழிருந்து ஒளியை வீசி நிழலை நிரப்பும் என்பதால் மாலை ஐந்துக்கு மேல் அங்கே கருத்த தோல் மிக அழகாக விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமே ஒரு சாஃப்ட்பாக்ஸ். மழை விட்ட அரைமணி நேரத்தில், திறந்த வராந்தாவில், வெளியே பார்த்து நிற்கவைத்து எடுத்தால் எந்த ஸ்லைடரும் வேண்டாம். புது ஆட்களின் பெரிய குறை, வெள்ளை ரிஃப்ளெக்டர் இருக்க வெள்ளி நிறத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிப்பது. கண் கூசி, நெற்றியில் மறுபடி அதே வெள்ளைப் பொட்டு.

ஆப்பை ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், மற்ற மூன்றிலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். அழகூட்டும் ஆப்கள் சில முதலில் முகம் ஆணா பெண்ணா என்று ஊகிக்கின்றன. பிறகு அந்த ஊகத்துக்கு ஏற்ற மாற்றத்தைக் கேட்காமலே செய்கின்றன. அந்த ஊகம் யாரிடம் பிசகுகிறது என்பது அளக்கப்பட்ட விஷயம். 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் பாலினம் கணிக்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருத்த பெண்களிடம் 34.7 வரை போனது. கருத்த பெண்ணை ஆண் என்று எடுத்துக்கொண்ட ஆப் அவர் தாடையைச் சதுரமாக்கும். பெண் என்று எடுத்துக்கொண்டால் வெளுத்து உதட்டுச் சாயம் பூசும். இரண்டில் எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு ஆவணத்திலும் முகம் ஒத்துப்போகவேண்டும். ஒரு படத்தில் ஆப் தாடையை ஒடுக்கியும் அடுத்ததில் அகட்டியும் வைத்தால் கவுண்டரில் கேள்வி வரும். இவர்களுக்கு ஆவணப் படம் ஸ்டுடியோவில்தான் நல்லது. அங்கேயும் ‘ஆண் பிரீசெட், பெண் பிரீசெட் இரண்டும் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது உத்தமம். ஒரு நல்ல செய்தி: கைபேசிக் கேமராக்கள் திருந்தத் தொடங்கியிருக்கின்றன. தோல் மருத்துவத்தில் 1975இல் வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் வெயில் தோலைச் சுடுவதைக் கணக்கிட வந்தது, இப்போதும் ஆறே வகை, அதிலும் வெளுத்த நிறங்களுக்கே இடம் அதிகம். கேமராவும் மென்பொருளும் எல்லா நிறத்திலும் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க, அதற்குப் பதிலாக 2022இல் கூகுள் பத்து நிறங்கள் உள்ள மங்க் அளவுகோலை வெளியிட்டது. ஆகவே கைபேசியில்தான் எடுப்பேன் என்றால் அழகு மோடை அணைத்துவிட்டு, சாதாரணக் கேமராவில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். பல கைபேசிகளில் செல்ஃபிக் கேமராவின் அழகு மோடு முதலிலிருந்தே எரிந்துகொண்டிருக்கும். அமைப்புக்குள் போய்ப் பார்க்கவேண்டும்.

விசா போட்டோவில் வெளுப்பு நேரடியாக நஷ்டம். அமெரிக்க விசாவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி கூடாது, தோற்றத்தை மாற்றும் எடிட்டிங் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அளவெல்லாம் மனப்பாடம். கடைசி விதியை மட்டும் பழக்கதோஷத்தில் மீறுவார். வெளுத்த படத்தோடு அமெரிக்கத் துணைத் தூதரகம் உள்ள பாண்ட்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் வரை போய், அங்கே வேறு படம் கேட்டால் அரைநாள் போச்சு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களைப் பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே எடிட்டிங் இல்லை, விளக்கும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போடாமல் போவது மட்டும் நம் கையில்.

பிரிண்ட் விஷயம் சுருக்கமாக. மாட்டுங்கா வகைக் கடைகள் நன்றாக எடுத்துவிட்டு இங்கே கோட்டைவிடும். லேப் இயந்திரத்தின் ஆட்டோ திருத்தம், ஷெர்லியின் பேத்தி மாதிரி, கருத்த முகம் அதிகம் உள்ள படத்தை ‘இருட்டு’ என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் தூக்கிவிடும். ‘கரெக்‌ஷன் இல்லாமல் போடுங்கள்’ என்று சொல்லி, முதலில் ஒரே ஒரு நாலுக்கு ஆறு பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில், கடை வாசலில் வைத்துப் பாருங்கள். மேட் தாள் கருத்த தோலின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்கும். ஆழம் வேண்டுமென்றால் கிளாஸி. வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். சுருக்கும்போது முதலில் சாவது நிழலில் உள்ள விவரம், அதாவது நம் முகம்.

பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்கவேண்டியது, எடிட் செய்யாத மூலக் கோப்பு. ‘அது தரமாட்டோம்’ என்றால் வேறு கடை பாருங்கள். மூலம் கையில் இருந்தால் வெளுத்துக் கொடுத்தாலும் இன்னொருவரிடம் சரியாகச் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் வெளுத்த முகம்தான் பெண் வீட்டுக்கும் பையன் வீட்டுக்கும் போகும், முதல் வீடியோ காலில் எல்லாம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, பழைய ஸ்டுடியோக்களில் முதலாளி தமிழராக இருந்தாலும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் பெரும்பாலும் உத்தரப் பிரதேசமோ பீகாரோ. தமிழில் முதலாளியிடம் சொன்னது அவன் காதுக்குப் போய்ச் சேராது. நேராக அவனிடமே மும்பை இந்தியில் சொல்லுங்கள்: ‘கோரா மத் கர்னா பய்யா, ஜைசா ஹை வைசா ஹீ ரக்னா. சிர்ஃப் பிம்பிள் ஹடாவ்.’ வெளுக்காதே, இருக்கிறபடியே விடு, பருவை மட்டும் எடு. சொன்னதும் அவன் உங்களைப் பார்க்கமாட்டான். கூட வந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். அதனால் அம்மாவிடம் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.